தரையிலிருந்து நாற்காலிக்கு ஒரு புள்ளி
தண்டுவடக் காயத்தில் மறுவாழ்வை அளக்கும் கோல்கள்: படப்பை - ஒரகடம் தொழில் வட்டாரத்தை முன்வைத்து

1. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குப் பிறகு

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டினால் ஒரகடம். ஷிப்டு மாறும் வேளைகளில் கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி, வேலைக்குப் போகிறவரின் இரு சக்கர வண்டி எல்லாம் இதே சாலையில் நெருக்கியடித்து ஓடுகின்றன. இருபுறமும் கட்டடங்கள் எழும்பியபடியே இருக்கின்றன. சாரத்தின் மேலும் கூரை ஷீட்டின் மேலும் ஆட்கள் நிற்கிறார்கள். இந்தியாவில் தண்டுவடம் அடிபடுவதற்கு முதன்மையான காரணங்கள் இரண்டு: சாலை விபத்து, உயரத்திலிருந்து விழுதல். இந்த வட்டாரத்தின் அன்றாட வேலையில் இரண்டும் கலந்திருக்கின்றன.

சாலை விபத்தில் அடிபட்டவரைக் காப்பாற்ற அரசிடம் ஒரு தெளிவான கணக்கு இருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டப்படி முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. அடிபட்டவர் ஒடிசாக்காரரா, உள்ளூர்க்காரரா என்று பார்ப்பதில்லை. இத்திட்டம் உயிர்களைக் காப்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தண்டுவடம் அடிபட்டு உயிர் தப்பியவருக்கு அந்த 48 மணி நேரம் முடிந்த பிறகுதான் நீண்ட காலம் தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் இப்படி வாழ்வோர் உலகில் ஒன்றரைக் கோடிக்கும் மேல்.

இவர்களின் மறுவாழ்வில் ‘முன்னேற்றம்’ என்று எதைச் சொல்கிறோம்? அதை யார், எங்கே, எப்போது அளக்கிறார்கள்? மருத்துவமனை வராந்தாவில் குடும்பத்தார் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “எப்ப சார் நடப்பாரு?” மருத்துவர் அளப்பது வேறு. இழப்பீட்டு வாரியம் அளப்பது இன்னொன்று. இந்த அளவுகோல்கள் எவற்றைக் காட்டுகின்றன, எவற்றை விட்டுவிடுகின்றன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இருக்கும் கோல்கள் மருத்துவமனைக்குள் நன்றாகவே வேலை செய்கின்றன; காயமுற்றவரின் பிழைப்பையும் ஆயுளையும் தீர்மானிக்கும் காலத்தில், அவர் வீட்டில், யாரும் எதையும் அளப்பதில்லை என்பது என் வாதம்.

2. நரம்பை அளத்தல்

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் 1944இல் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். அதுவரை இக்காயம் பெரும்பாலும் சில மாதங்களில் மரணம் என்றே பொருள்பட்டது. அங்கிருந்து 1969இல் வெளிவந்த ஃபிராங்கல் வகைப்பாடு காயத்தை ஐந்து படிகளாகப் பிரித்தது. அமெரிக்க தண்டுவடக் காயச் சங்கம் 1982இல் முதலில் வெளியிட்டு, பின்னர் பலமுறை திருத்திய ‘ஏசியா’ தரநிலை அதன் வாரிசு. இன்று சென்னையிலும் வேலூரிலும் நோயாளியின் சீட்டில் ‘ஏசியா ஏ’, ‘ஏசியா சி’ என்று எழுதப்படுவது இதன்படிதான்.

கைகளில் பக்கத்துக்கு ஐந்து, கால்களில் பக்கத்துக்கு ஐந்து எனத் தேர்ந்தெடுத்த தசைகளுக்கு 0 முதல் 5 வரை மதிப்பிட்டுக் கூட்டினால் இயக்கப் புள்ளி 100. தோலில் பக்கத்துக்கு 28 உணர்வுப் பகுதிகளைப் பஞ்சாலும் ஊசியாலும் தொட்டுச் சோதித்தால் ஒவ்வொரு சோதனைக்கும் உச்சப் புள்ளி 112. ஆசனவாயில் உணர்வோ சுருக்கமோ எஞ்சியிருக்கிறதா என்பதை வைத்துக் காயம் முழுமையானதா, பகுதியானதா என முடிவாகும்.

பயிற்சி பெற்ற எந்த மருத்துவரும் இன்னொருவர் எழுதிய ஏசியா தாளைப் படித்துப் புரிந்துகொள்ள முடியும். அது பெரிய பலம். காயம் எங்கே, எவ்வளவு ஆழம், நரம்பு மீள வாய்ப்புண்டா என்பதற்கு இதைவிடச் சிறந்த கருவி இல்லை. ஆயினும் நரம்பு மீட்சியின் பெரும்பகுதி முதல் ஆறிலிருந்து ஒன்பது மாதங்களுக்குள் நடந்து முடிகிறது. முழுமையான காயமுற்றவரின் கால் புள்ளி பெரும்பாலும் பூஜ்யத்திலேயே நிற்கும். ஐந்து ஆண்டு கழித்து அவர் கடை நடத்தினாலும் படுக்கைப் புண்ணோடு கிடந்தாலும் ஏசியா தாள் ஒன்றுபோலவே இருக்கும். அதை மறுவாழ்வின் அளவாகக் கொள்வது பிழை. “எப்ப நடப்பாரு?” என்ற கேள்வியில் குடும்பம் சிக்கிக்கொள்வதற்கும், ‘ஸ்டெம் செல்’ ஊசி என்ற பெயரில் நிலத்தை விற்றுப் பணம் கட்டுவதற்கும், நரம்பு ஒன்றே அளவு என்ற இந்த எண்ணம் துணைபோகிறது.

3. செயலை அளத்தல்

செயலை அளக்கும் கோல்களில் பழையது 1965இல் வந்த பார்தெல் குறியீடு. எல்லா நோய்க்கும் பொதுவானது, எளியது. 1980களில் அமெரிக்காவில் உருவான எஃப்ஐஎம் (செயல் தற்சார்பு அளவீடு) 18 செயல்களை ஒன்று முதல் ஏழு வரை அளக்கிறது. அதில் ஐந்து இனங்கள் அறிவுத்திறன் சார்ந்தவை. தலையில் அடிபடாத தண்டுவடக் காயக்காரர் அவற்றில் முதல் நாளே முழுப் புள்ளி வாங்கிவிடுவதால் முன்னேற்றம் காட்ட அங்கே இடமில்லை.

இந்தக் குறையைத் தீர்க்கவே இஸ்ரேலின் லோவன்ஸ்டைன் மருத்துவமனையில் அமிரம் காட்ஸும் அவர் குழுவினரும் 1997இல் ‘ஸ்கிம்’ என்ற அளவுகோலை உருவாக்கினார்கள். தண்டுவடக் காயத்துக்கென்றே அமைந்தது அது. அதன் மூன்றாம் வடிவம்தான் உலகெங்கும் பரவலாகப் புழங்குகிறது. மொத்தம் 100 புள்ளி: தன்னைக் கவனித்துக்கொள்ளல் 20, மூச்சும் மலசலக் கட்டுப்பாடும் 40, நடமாட்டம் 40.

இந்தப் பங்கீடே ஒரு கொள்கை அறிவிப்பு. சிறுநீர்ப்பைக்கு மட்டும் 15 புள்ளி. நிரந்தரமாகக் குழாய் பொருத்திக் கிடப்பவருக்கு அதில் பூஜ்யம். தானே வேளைக்கொருமுறை கதீட்டர் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றி, இடையில் கசிவில்லாமல் இருப்பவருக்கு 11. ஒரு தசைகூட மீளாமல், ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டதாலேயே ஒருவர் 11 புள்ளி உயர்கிறார். ஏசியா காட்டாத இந்த உயர்வு சிறுநீரகத்தைக் காக்கிறது, பஸ் ஏறும் துணிவைத் தருகிறது. ஸ்கிம்மை மறுவாழ்வு மருத்துவர்கள் மதிப்பதற்கு இந்த ஒரு இனமே போதுமான காரணம்.

நடமாட்டப் பகுதிக்கு வந்தால் என் ஐயங்கள் தொடங்குகின்றன. வீட்டுக்குள், நூறு மீட்டர் வரை, அதற்கும் மேல் என்று மூன்று இனங்கள், ஒவ்வொன்றுக்கும் 8 புள்ளி. கையால் தள்ளும் சக்கர நாற்காலியில் யார் உதவியுமின்றிப் போகிறவருக்கு ஒவ்வொன்றிலும் 2. மின்விசை நாற்காலி தேவைப்படுபவருக்கு 1. மீதிப் புள்ளிகள் எல்லாம் நடப்பவருக்கே. ஐஐடி மெட்ராஸின் மறுவாழ்வு ஆய்வு மையத்தில் பிறந்த நியோபோல்ட் என்ற மோட்டார் இணைப்பைச் சக்கர நாற்காலியில் மாட்டிக்கொண்டு ஒருவர் மண்ணிவாக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்குப் போய்வரலாம். அந்தத் தூரம் ஸ்கிம்மில் எந்தப் புள்ளியையும் கூட்டாது.

இன்னும் கூர்மையான சான்று கடைசி இரண்டு இனங்களில் இருக்கிறது. நாற்காலியிலிருந்து காருக்கு மாறி ஏறத் தெரிந்தால் 2 புள்ளி. தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறத் தெரிந்தால் 1 புள்ளி.

படப்பை, சேரப்பனஞ்சேரி, வல்லக்கோட்டைப் பக்கங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளை எண்ணிப் பார்க்கலாம். ஓர் அறை, வாசலில் ஒரு படி, பலருக்கும் பொதுவான கழிப்பறை, அதுவும் பெரும்பாலும் குந்தி உட்காரும் வகை. படுக்கை பாய்தான். சாப்பாடு, பிள்ளைக்குப் பாடம், வந்தவரோடு பேச்சு எல்லாம் தரையில். மருத்துவமனைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நேர்த்தியாக மாறக் கற்றவர் இங்கே வந்ததும் தரையில் இறக்கப்படுகிறார். மேலே ஏற இரண்டு பேர் வேண்டும். மனைவி ஒருத்தியால் தூக்க முடியாது. தூக்க ஆளில்லாத நாள்களில் நாற்காலி சுவரோரம் மடங்கிக் கிடக்கும். தரையிலிருந்து ஏறத் தெரிந்தவருக்கு வீட்டுக்கு வெளியே ஒரு வாழ்க்கை உண்டு. தெரியாதவருக்கு அந்த அறையே எல்லை. நூற்றில் ஒரு புள்ளி என்பது அளப்பவருக்கு அளப்பவர் மாறும் வித்தியாசத்துக்குள்ளேயே அடங்கிப் போகும்.

ஸ்கிம்மை வகுத்தவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. கட்டில், நாற்காலி, கார் என்று வாழும் சமூகத்தின் மருத்துவமனையில், உள்நோயாளிகளை வைத்து அமைத்த கோல் அது. மேலும் கைகளும் பாதிக்கப்பட்டவரால் தரையிலிருந்து ஏறவே முடியாது. கை வலுவுள்ளவரும் வாரக்கணக்கில் பயின்றால்தான் வசப்படும். எனவே அந்த இனத்துக்குக் குறைந்த எடை கொடுத்ததில் மருத்துவ நியாயம் உண்டு. ஸ்கிம்மைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் நம் மருத்துவமனை ஒன்று ஸ்கிம் 30இலிருந்து 65க்கு உயர்ந்ததாகச் சொல்லி ஒருவரை அனுப்பும்போது, அந்த 65 எந்த வீட்டில் செல்லுபடியாகும் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும். படுக்கைப் புண்ணைத் தடுக்கும் அசைவுக்கு ஸ்கிம்மில் இனம் உண்டு, ஆனால் புண் வந்துவிட்டதா என்பதற்கும் வலிக்கும் இனமே கிடையாது என்பதையும் மறக்கலாகாது.

4. இழப்பை அளத்தல்

மருத்துவர் ஏற்றத்தை அளக்கும் அதே உடலில் வேறொரு மேசை இழப்பை அளக்கிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த அட்டவணையும் அதையொட்டிய ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டவணையும் சம்பாதிக்கும் திறனின் இழப்பை விழுக்காட்டில் குறிக்கின்றன. பெருவிரல் போனால் 30. இரு கைகளும் போனால் 100. கை கால் துண்டிப்பு, பார்வை, செவி, முகச் சிதைவு என்று நீளும் அந்தப் பட்டியலில் தண்டுவடம் இல்லை. இயந்திரம் விரலை நசுக்கும் தொழிற்கூடத்தை மனதில் வைத்து எழுதிய பட்டியல் அது. அந்த விபத்து இந்த வட்டாரத்தில் இன்றும் ஓயவில்லை. தண்டுவடக் காயக்காரரின் விழுக்காட்டை மருத்துவ வாரியம் தனியாக மதிப்பிட வேண்டியிருக்கிறது. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் நேரும் விபத்தும் ஈஎஸ்ஐ கணக்கில் வேலைக் காயமாகக் கொள்ளப்படலாம். ஷிப்டு முடிந்து வண்டியில் திரும்பும் தொழிலாளிக்கு அது முக்கியமான உரிமை.

நீதிமன்றங்கள் இந்த விழுக்காட்டு முறையின் குறையை நெடுங்காலமாகவே கண்டிருக்கின்றன. இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த ஒரு தச்சர் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை முடியாது என்பதால் இழப்பு 100 விழுக்காடு என்பதை உச்ச நீதிமன்றம் 1975இல் ஏற்றது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இல் அது இன்னும் தெளிவாகச் சொன்னது: உடல் ஊனத்தின் விழுக்காடு வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு, பின்னதைக் கணிக்க அவர் என்ன தொழில் செய்தார், இனி என்ன செய்ய முடியும் என்று பார்க்க வேண்டும். மறுவாழ்வுத் துறை எழுத வேண்டிய வாக்கியத்தை நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தில் 40 விழுக்காடு ஒரு வாசல். அதைத் தாண்டினால் பல சலுகைகள் உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழ் பெரும்பாலும் ஒருமுறை எடுத்துப் பெட்டியில் வைக்கும் தாள். அதிலிருந்து அவர் தேறினாரா, தேய்ந்தாரா என்று தெரியாது. தேறியதைக் காட்டிக்கொண்டால் கிடைக்கும் தொகை குறையுமோ என்று ஒரு குடும்பம் அஞ்சினால் அதைக் குறை சொல்லவும் முடியாது. இழப்பை அளக்கும் கோலும் ஏற்றத்தை அளக்கும் கோலும் வேறு வேறு கைகளில், வேறு வேறு தாள்களில் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

5. வேலூர் காட்டும் எண்கள்

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு மிக நெருக்கமாகப் போனது வேலூர். அங்குள்ள சிஎம்சி மருத்துவமனையின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் இயக்கமிழந்தார். அங்கே அறுவை மருத்துவராக இருந்த பால் பிராண்டின் ஊக்கத்தால் நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் நியூயார்க்கிலும் பயின்று திரும்பி 1963இல் சிஎம்சியில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றார். வேலூரின் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் 1966இல் எழுந்தது. நடமாட்டத்தை மட்டும் பார்த்தால் அவருடைய புள்ளி கடைசிவரை தாழ்வுதான். அவர் செய்த அறுவைகளையும் கட்டியெழுப்பிய துறையையும் எந்த அட்டவணை பதிவு செய்யும்?

அந்தத் துறையின் மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, மறுவாழ்வுப் பயிற்சி முடித்து ஊர் திரும்பிய 104 பேரை அளந்தது. பயன்பட்ட கோல் ‘சார்ட்’. அமெரிக்காவின் கிரெய்க் மருத்துவமனையில் உருவானது. சமூகத்தில் ஒருவர் எப்படி இடம்பெறுகிறார் என்பதைத் துறைவாரியாக நூற்றுக்கு அளப்பது. உடல் தற்சார்பில் சராசரி 98, சமூக உறவில் 96, தொழிலில் 70, நடமாட்டத்தில் 65, பொருளாதாரத் தற்சார்பில் 53.

பலர் இந்த எண்களை வெற்றிக் கதையாகவே வாசிப்பார்கள். நான் இரண்டு இடங்களில் நிற்கிறேன். 98க்கும் 53க்கும் இடையே உள்ள பள்ளத்தை எந்தப் பிசியோவும் தனியே நிரப்ப முடியாது. உடல் தேறிவிட்டது, கூலி தேறவில்லை. இரண்டாவது, உடல் தற்சார்பைச் சார்ட் கணிப்பது பிறர் உதவி எத்தனை மணி நேரம் தேவைப்படுகிறது என்ற கேள்வியின் வழியே. நம் குடும்பங்களில் மனைவியோ அம்மாவோ செய்வதை ‘உதவி’ என்று எண்ணிச் சொல்லும் வழக்கமில்லை. நீர் எடுத்து வைப்பது, துணி மாற்றுவது, இரவில் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் வீட்டு வேலையோடு கரைந்துவிடும். 98இல் ஒரு பங்கு அந்தப் பெண்களின் கணக்கில் வராத உழைப்பாக இருக்கலாம் என்பது என் ஊகம். தவிர, பயிற்சி முடிக்காமல் போனவர்களும் இறந்துபோனவர்களும் இந்தச் சராசரியில் இல்லை.

வேலூரின் இன்னொரு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். பழைய நோயாளிகள் ஆண்டுதோறும் கூடும் ‘ரீஹாப் மேளா’. வந்தவர்களுக்கு உடற்சோதனை, விளையாட்டு, ஒருவர் நாற்காலியை இன்னொருவர் பார்த்துக் கற்பது. பல ஆண்டு கழித்தும் அளக்கும் ஏற்பாட்டை, விழாவாக்கி, வருகிறவர் விரும்பி வரும்படி செய்திருக்கிறார்கள்.

6. வங்கதேசத்தின் கசப்பான சான்று

வீட்டுக்குப் போய் அளந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? வங்கதேசத்தில் வாலரி டெய்லர் 1979இல் தொடங்கி, இப்போது சாவரில் இயங்கும் மறுவாழ்வு மையம் இதற்கு நேர்மையான பதிலைத் தருகிறது. அங்கிருந்து 2011இல் வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்தபோது, சக்கர நாற்காலியைச் சார்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இரண்டு ஆண்டுக்குள் இறந்திருந்தார். பெரும் காரணம் படுக்கைப் புண்ணிலிருந்து பரவிய தொற்று. வந்துவிட்டதா என்று ஸ்கிம் கேட்காத ஒன்று முதல் கொலையாளியாக நின்றது.

அதன் பின் அங்கே 410 பேரை இரு குழுவாகப் பிரித்து ஒரு சோதனை நடந்தது. ஒரு குழுவுக்கு இரண்டு ஆண்டு தொலைபேசி ஆலோசனையும் வீட்டு வருகையும் கிடைத்தன. 2021இல் வந்த முடிவு: இரு குழுக்களிலும் இறப்பு ஏறத்தாழ சமம்.

என் வாதத்துக்கு எதிரான சான்று இது. மறைக்காமல் எடை போட வேண்டும். வருகையும் அறிவுரையும் மட்டும் உயிரைக் காக்கும் என்று இனிச் சொல்ல முடியாது. நான் இதை வாசிப்பது இப்படி: புண்ணைக் கண்டுபிடிப்பவர் கையில் அதை ஆற்றும் வழி இருக்க வேண்டும். நல்ல மெத்தை, மருத்துவமனையில் உடனே ஒரு கட்டில், படுத்திருக்கும் நாள்களுக்குச் சோறு. அவை பின்னால் இல்லாவிட்டால் அளவீடு வெறும் பதிவேடு.

7. இந்த வட்டாரத்தில் எதை அளப்பது

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். தண்டுவடக் காயக்காரரை மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில், பிறகு ஆண்டுக்கொருமுறை அளக்கும் வழி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கேட்க வேண்டியவை மிகச் சில. உட்காருமிடத்திலும் குதிகாலிலும் தோல் முழுசாக இருக்கிறதா? கதீட்டரை யார் கை போடுகிறது, ஒரே குழாயை எத்தனை நாள் கழுவிப் பயன்படுத்துகிறார்கள்? தரையிலிருந்து ஏற எத்தனை பேர் தேவை? கடந்த ஏழு நாளில் தெருவுக்கு எத்தனை முறை வந்தார்? கையில் சொந்தமாகச் சம்பாதித்த பணம் உண்டா? பராமரிப்பவர் இரவில் எத்தனை முறை எழுகிறார்? கடைசிக் கேள்வி மேலே பார்த்த எந்தக் கோலிலும் போதிய இடம் பெறாதது. அதை விட்டுவிட்டு நம் வீடுகளில் எதையும் அளக்க முடியாது.

இதோடு ஒரு இலக்கை அவரே சொல்ல வேண்டும். 1968இல் கிரெசக்கும் ஷெர்மனும் மனநலத் துறைக்காக வகுத்த முறை இதற்குப் பொருந்தும். எதிர்பார்த்தது நடந்தால் பூஜ்யம், மேலே போனால் கூட்டல் இரண்டு வரை, கீழே இறங்கினால் கழித்தல் இரண்டு வரை. மகளின் பள்ளி வாசல் வரை போய்வர வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அதுதான் அவருடைய கோல். இருவரை ஒப்பிட இது உதவாது என்பது உண்மைதான். ஒப்பீட்டுக்கு ஸ்கிம் இருக்கட்டும்.

கடினமான சிக்கல் இடம்பெயர்ந்த தொழிலாளி. ஒரகடத்தில் விழுந்த பீகார்க்காரர் செங்கல்பட்டிலோ சென்னையிலோ சிகிச்சை முடிந்து ரயிலேறினால் அவருடைய கணக்கு தமிழ்நாட்டில் முடிந்துபோகிறது. அவர் கையில் அவர் மொழியில் ஒரு தாள் போக வேண்டும். கடைசி ஏசியா நிலை, ஸ்கிம் புள்ளி, சிறுநீர்ப்பைப் பராமரிப்பு முறை, தோலின் நிலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஈஎஸ்ஐ நாடெங்கும் உள்ள அமைப்பு. தன் காப்பீட்டாளரை ஊர் மாறினாலும் பின்தொடர அதனால் முடியும். ஓய்வூதியம் அனுப்பத் தெரிந்த அலுவலகத்துக்கு ஆண்டுக்கொருமுறை தோலைப் பார்க்க ஆளனுப்புவது இயலாத காரியமில்லை.

மாவட்ட நிர்வாகத்திடமும் ஈஎஸ்ஐ மண்டல அலுவலகத்திடமும் கேட்க வேண்டியது முதலில் ஒன்றுதான். இந்த வட்டாரத்தில் தண்டுவடம் அடிபட்டு வீடு திரும்பியவர்களின் பெயர்ப்பட்டியலைத் தயாரிக்க வேண்டும். ஓராண்டு முடிவில் அவர்களில் எத்தனை பேர் உயிரோடு, புண்ணில்லாமல், சொந்த வருமானத்தோடு இருக்கிறார்கள் என்ற மூன்று எண்களை வெளியிட வேண்டும்.